ஆய்வுக்குக் கம்பெனி காசு கொடுத்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. பல வருடமாகச் சர்க்கரை. மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மெட்ஃபார்மினோடு சேர்த்து இப்போது எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரையையும் டாக்டர் எழுதியிருக்கிறார். “இதயத்துக்கும் நல்லது, ஆராய்ச்சியில் நிரூபிச்சிருக்காங்க” என்றார். நான் அந்த ஆய்வுக் கட்டுரையைத் தேடி எடுத்தேன். 2015ல் வந்தது. பணம் கொடுத்ததே அந்த மாத்திரையைத் தயாரிக்கும் கம்பெனிதான். எழுதிய 12 பேரில் பாதிக்கு மேல் அந்தக் கம்பெனி ஊழியர்கள். மற்ற டாக்டர்கள் தங்கள் பண உறவுகளை அறிவிக்கும் படிவங்களைத் திறந்தால் ஆலோசனைக் கட்டணம், பேச்சுக் கட்டணம் என்று கம்பெனிப் பெயர்களாகவே வருகின்றன. இது ஆராய்ச்சியா, விளம்பரமா? மாத்திரையை நிறுத்தச் சொல்லலாமா? டாக்டரிடம் கேட்டால் கோபித்துக்கொள்வாரா? – ஒரு வாசகர், திண்டுக்கல்.

அன்புள்ள நண்பருக்கு,

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிக்கு இந்த மருந்தை எழுதியது பொருத்தமாகத்தான் தெரிகிறது. அதே நேரம் உங்கள் சந்தேகமும் வீண் சந்தேகம் இல்லை. நான் மருந்தியல் பாடம் நடத்துகிறவள். எங்கள் துறையில் நடக்கும் ஜர்னல் கிளப்பில் மேற்படிப்பு மாணவர் ஒருவர் எழுந்து ஒரு கட்டுரையை விளக்குவார். எத்தனை நோயாளிகள், எவ்வளவு பலன், பி-வேல்யூ என்ன என்று கடகடவென்று சொல்லிவிடுவார். “பணம் யார் கொடுத்தது?” என்று கேட்டால் மட்டும் பக்கங்களைப் புரட்டத் தொடங்குவார். நீங்கள் இணைப்பாக வைத்திருந்த படிவங்கள் வரைக்கும் போயிருக்கிறீர்கள்.

நீங்கள் பார்த்தது விதிவிலக்கு இல்லை. புது மருந்துகளின் பெரிய ஆய்வுகள் ஏறக்குறைய எல்லாமே கம்பெனிப் பணத்தில்தான் நடக்கின்றன. நீங்கள் படித்த ஆய்வில் 42 நாடுகளில் 7,020 நோயாளிகளைச் சராசரியாக மூன்று வருடம் பின்தொடர்ந்தார்கள். அவ்வளவு செலவை எந்த அரசும் ஒரு தனியார் மாத்திரைக்காகத் தலையில் போட்டுக்கொள்ளாது. உங்கள் அப்பா சாப்பிடும் பழைய மெட்ஃபார்மினுக்கு அஸ்திவாரம் போட்டது 1998ல் முடிவு வெளியான பிரிட்டன் ஆய்வு. அது பெரும்பாலும் பொதுப் பணம். ஆனால் அதன் நன்றிப் பட்டியலிலும் சில மருந்துக் கம்பெனிகள் இருக்கின்றன. கம்பெனிக் காசு பட்ட ஆய்வு எல்லாம் வேண்டாம் என்று முடிவெடுத்தால் உங்கள் அப்பாவின் சீட்டில் அநேகமாக ஒரு மாத்திரையும் மிஞ்சாது.

ஆகவே காசு வாங்கினார்களா என்ற கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. அந்தக் காசு எந்த இடத்தில் போய் வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். இதைப் புரியவைக்க அதே சர்க்கரை நோய்க்கு வந்த இன்னொரு மாத்திரையின் கதையைச் சொல்கிறேன். ரோசிகிளிட்டசோன். அவாண்டியா என்ற பெயரில் உலகம் முழுக்க விற்றது. இந்தியாவிலும் பல பெயர்களில் விற்றது. உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை வந்து இருபது வருடம் ஆகியிருந்தால், பழைய சீட்டுகளில் எங்காவது அது இருக்கவும் கூடும்.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999ல் அதற்கு அனுமதி கொடுத்தது. அதே வருடமே வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்தின் சர்க்கரை நோய் நிபுணர் ஜான் பியூஸ், ‘இது இதயத்துக்கு ஆபத்தாக இருக்கலாம்’ என்று கூட்டங்களில் பேச ஆரம்பித்தார். கம்பெனி அதிகாரிகள் அவருடைய துறைத் தலைவரைத் தொடர்பு கொண்டார்கள். வழக்கு வரும் என்ற பேச்சும் வந்தது. கடைசியில் அவர் தன் கருத்தைத் தணித்து ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இதெல்லாம் எட்டு வருடம் கழித்து, 2007ல், அமெரிக்க செனட்டின் நிதிக் குழு கம்பெனி மின்னஞ்சல்களை வெளியிட்டபோதுதான் வெளியே தெரிந்தது. மிரட்டவில்லை என்று கம்பெனி மறுத்தது. ஆனால் மின்னஞ்சல்கள் இருந்தன.

இப்போது 2006 டிசம்பருக்கு வாருங்கள். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அடாப்ட் என்ற ஆய்வு வெளிவந்தது. சுமார் 4,360 நோயாளிகள். ரோசிகிளிட்டசோன், மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைடு மூன்றில் எது சர்க்கரையை நீண்ட நாள் கட்டுக்குள் வைக்கிறது என்று பார்த்தார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 180ஐத் தாண்டினால் மருந்து தோற்றது என்று கணக்கு. ஐந்து வருடத்தில் ரோசிகிளிட்டசோன் 15 சதவீதம் பேரிடம் தோற்றது, மெட்ஃபார்மின் 21, கிளிபென்கிளமைடு 34. அருமையான முடிவு, எண்களில் பொய்யும் இல்லை. ஆய்வுக்குக் காசு போட்டது மாத்திரையைத் தயாரித்த கிளாக்சோஸ்மித்கிளைன். எழுதிய 11 பேரில் நான்கு பேர் கம்பெனி ஊழியர்கள். மீதி ஏழு பேரும் அதே கம்பெனியிடம் ஆய்வு நிதியோ ஆலோசனைக் கட்டணமோ வாங்கிய பேராசிரியர்கள். இந்த உறவுகளை யாரும் மறைக்கவில்லை. கட்டுரையின் கடைசியில் சின்ன எழுத்தில் முறைப்படி அச்சாகியிருந்தன.

மறைந்திருந்தது வேறொன்று. அந்தக் கட்டுரை வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பே கம்பெனி தன் 42 ஆய்வுகளைத் தானே சேர்த்துக் கணக்குப் போட்டு எஃப்டிஏவிடம் கொடுத்திருந்தது. இதய ரத்தக்குழாய்ப் பிரச்சினைகள் சுமார் 30 சதவீதம் கூடுதலாக இருக்கலாம் என்று அந்தக் கணக்கு காட்டியது. மாத்திரை எழுதும் டாக்டர்களுக்கு அது தெரியாது. சர்க்கரை நோயாளியின் உயிரை அதிகம் வாங்குவதே இதய நோய்தான். அப்படிப்பட்ட நோயாளியிடம் போய், சர்க்கரை எண் எத்தனை வருடம் கட்டுக்குள் நின்றது என்பதை ஆய்வின் மையக் கேள்வியாக வைத்தார்கள். தேர்வு எழுதுகிற மாணவனே வினாத்தாளையும் தயார் செய்வது மாதிரி. கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் சரியான விடைதான் எழுதியிருப்பான். தெரியாத பாடத்திலிருந்து கேள்வி வந்திருக்காது, அவ்வளவுதான்.

அது எப்படி அம்பலமானது என்பது எனக்கு எப்போதும் பிடித்த பகுதி. இதே கம்பெனியின் பாக்சில் என்ற மனச்சோர்வு மருந்தில், குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுகளின் பாதகமான முடிவுகளை அமுக்கிவிட்டார்கள் என்று 2004ல் நியூயார்க் மாகாண அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார். ஆய்வு முடிவுகளை இணையத்தில் போடுகிறோம் என்று ஒப்புக்கொண்டு கம்பெனி சமரசம் ஆனது. மூன்று வருடம் கழித்து கிளீவ்லேண்ட் கிளினிக்கின் இதய மருத்துவர் ஸ்டீவன் நிசன் அதே தளத்தில் போய்த் தேடியபோது ரோசிகிளிட்டசோன் ஆய்வுகள் வரிசையாகக் கிடந்தன. பாதிக்கு மேல் எந்த இதழிலும் வெளிவராதவை. 42 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மாரடைப்பு 43 சதவீதம் கூடுகிறது என்று 2007 மே மாதம் எழுதினார். ஒரு மருந்துக்காகப் போட்ட வழக்கு இன்னொரு மருந்தைப் பிடித்துக் கொடுத்தது.

அந்தக் கட்டுரை இதழில் வருவதற்கு முன், ரகசியமாகப் படித்துக் கருத்துச் சொல்ல ஒரு பேராசிரியருக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் அதைக் கம்பெனிக்கே ஃபேக்ஸ் செய்துவிட்டார். பல வருடமாக அந்தக் கம்பெனியிடம் ஆலோசனைக்கும் பேச்சுக்கும் கட்டணம் வாங்கியவர். ‘கம்பெனிக்காக இதைச் செய்’ என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. பல வருடப் பழக்கம், விமானப் பயணம், நல்ல மரியாதை. நம்ம ஆட்கள் என்ற உணர்வு தானாக வந்துவிடும். கவரில் பணம் வைத்துக் கொடுத்து ஆய்வு முடிவை மாற்றச் சொல்வது சினிமாவில்தான் அதிகம். நிஜத்தில் காசு இப்படித்தான் வேலை செய்கிறது.

உங்களுக்கு மிக உபயோகமான ஒரு தகவல் இந்தக் கதைக்குள்ளேதான் இருக்கிறது. அந்தச் சர்ச்சை கொதித்துக்கொண்டிருந்தபோது ரோசிகிளிட்டசோனைப் பற்றிக் கட்டுரை, தலையங்கம், வழிகாட்டுதல் என்று உலகம் முழுக்க எழுதிக் குவித்தார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் அவற்றில் 202ஐ எடுத்து, எழுதியவரின் கருத்தையும் அவருடைய பண உறவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 2010ல் வெளியிட்டார்கள். ‘ஆபத்து ஒன்றும் இல்லை’ என்று எழுதியவர்களிடம் கம்பெனி உறவு இருக்கும் வாய்ப்பு, ‘ஆபத்து உண்டு’ என்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. பாதிக் கட்டுரைகளில்தான் உறவைச் சொல்லும் குறிப்பே இருந்தது.

இது புதிதும் இல்லை. 1998லேயே ரத்த அழுத்தத்துக்கான கால்சியம் தடுப்பு மருந்துகள் பற்றி இதே மாதிரி ஒரு கணக்கு வந்தது. மருந்தை ஆதரித்து எழுதியவர்களில் 96 சதவீதம் பேருக்கு அவற்றைத் தயாரிக்கும் கம்பெனிகளோடு பண உறவு. எதிர்த்து எழுதியவர்களில் 37 சதவீதம்.

ஆய்வு முடிவைச் சொல்லும் கட்டுரை ஒன்று, கருத்தைச் சொல்லும் கட்டுரை இன்னொன்று. முதலாவதில் எண்கள் இருக்கும். காசு இருந்தாலும் எண்களைச் சோதிக்க வழி உண்டு. இரண்டாவதில் எழுதுபவரின் தீர்ப்புதான் சரக்கே. அதனால் இரண்டாவதில் கம்பெனிக் காசைப் பார்த்தால் நான் அதிகம் உஷாராவேன். ‘இந்த மருந்தைப் பயமில்லாமல் தரலாம்’ என்று ஒரு நிபுணர் எழுதும் தலையங்கத்துக்குக் கீழே அந்தக் கம்பெனியின் பெயர் இருந்தால், கட்டுரையைப் படிக்காமலே மூடினாலும் நஷ்டம் இல்லை என்பது என் கட்சி. என் சக பேராசிரியர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ரோசிகிளிட்டசோன் கதையை முடித்துவிடுகிறேன். 2010ல் ஐரோப்பாவில் விற்பனையை நிறுத்தினார்கள். அந்த வருடக் கடைசியில் இந்தியாவிலும் தடை வந்தது. 2012ல் பாக்சில், வெல்புட்ரின், அவாண்டியா என்ற தன் மூன்று மருந்துகள் தொடர்பான வழக்குகளுக்கும் சேர்த்து கிளாக்சோ 300 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அவாண்டியா பற்றிய சில பாதுகாப்புத் தகவல்களை எஃப்டிஏவிடம் சொல்லவில்லை என்ற குற்றத்தையும் ஏற்றுக்கொண்டது. நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: ஒரு பெரிய ஆய்வின் பதிவுகளை வெளி ஆட்களைக் கொண்டு மறுபடி சரிபார்த்தபிறகு, மாரடைப்பு ஆபத்து அந்த அளவுக்கு இல்லை என்று சொல்லி 2013ல் எஃப்டிஏ கட்டுப்பாடுகளைப் பெரும்பாலும் நீக்கியது. உண்மையில் ஆபத்து எவ்வளவு என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. மருந்து வந்தவுடனே சரியான கேள்வியைக் கேட்டிருந்தால் இத்தனை வருடம் இழுத்திருக்காது.

அந்தக் கேள்வியைக் கட்டாயம் ஆக்கியதுதான் இந்தக் கதையால் விளைந்த பெரிய நன்மை. 2008 டிசம்பரில் எஃப்டிஏ ஒரு விதி கொண்டுவந்தது. சர்க்கரைக்குப் புது மாத்திரை கொண்டுவருகிறவர்கள் அது இதயத்தைக் கெடுக்காது என்று காட்ட வேண்டும் என்றது. நீங்கள் தேடி எடுத்த 2015 ஆய்வு அந்த விதியின் குழந்தை.

சரி, அதை இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காசு போட்டது போயரிங்கர் இங்கல்ஹைம், எலை லில்லி. எழுதியவர்களில் பலர் ஊழியர்கள். இந்த விஷயத்தில் அடாப்டுக்கும் இதற்கும் வித்தியாசமே கிடையாது. ஆனால் இங்கே எண்ணியது சர்க்கரை அளவை இல்லை. இதய நோயால் இறந்தவர்கள், மாரடைப்பு வந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள். இறந்தாரா இல்லையா என்பதை எழுதுகிற விதத்தில் மாற்றிக் காட்டுவது கஷ்டம். எதை எண்ணப் போகிறோம் என்பதையும் ஆரம்பத்திலேயே பொதுப் பதிவேட்டில் பதிந்திருந்தார்கள். கணக்குகளை ஜெர்மனியின் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகப் புள்ளியியலாளர்கள் தனியாகச் சரிபார்த்தார்கள்.

முடிவு என்ன? மூன்று வருடத்தில் இதய நோயால் இறந்தவர்கள், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 5.9 சதவீதம், இந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் 3.7 சதவீதம். நூறு பேருக்கு இரண்டு பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள். விளம்பரத்தில் இதையே ‘38 சதவீதம் குறைவு’ என்று போடுவார்கள். இரண்டும் ஒரே கணக்குதான். நோயாளியின் வீட்டுக்கு முதலாவதைச் சொல்வதுதான் மரியாதை. மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாக அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அதனால்தான் 2016ல் எஃப்டிஏவின் ஆலோசனைக் குழுவில், இதய இறப்பைக் குறைக்கும் என்று விளம்பரப்படுத்த அனுமதிக்கலாமா என்று கேட்டபோது 12 பேர் சரி என்றார்கள், 11 பேர் போதாது என்றார்கள். அவ்வளவு நெருக்கமான ஓட்டு நடந்தது எனக்கு நம்பிக்கையைத்தான் தருகிறது. யாரோ எண்களை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

என்னைச் சமாதானப்படுத்திய இன்னொரு விஷயம் போட்டிக் கம்பெனிகள். இதே வகையைச் சேர்ந்த கனாகிளிஃப்ளோசினுக்கும் டபாகிளிஃப்ளோசினுக்கும் வேறு கம்பெனிகள் தனித்தனியாகப் பெரிய ஆய்வு நடத்தின. எல்லா விஷயத்திலும் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. ஆனால் இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்வது குறைகிறது என்பதில் மூன்றும் ஒரே பக்கம் நிற்கின்றன. எதிராளிகள் ஒரே சாட்சி சொன்னால் நம்பலாம். எப்போதும் அப்படி நடக்காது. மனச்சிதைவு மருந்துகளை ஒன்றோடு ஒன்று மோதவிட்ட ஆய்வுகளை 2006ல் ஒரு ஜெர்மன் குழு அலசியது. கம்பெனிகள் நடத்தியவற்றில் 90 சதவீதத்தில் காசு போட்டவரின் மருந்தே ஜெயித்திருந்தது. ஓலன்சபைன் ரிஸ்பெரிடோனை ஜெயித்தது, ரிஸ்பெரிடோன் க்வெடியபைனை ஜெயித்தது, க்வெடியபைன் ஓலன்சபைனை ஜெயித்தது. எதிராளி மருந்துக்கு எவ்வளவு டோஸ், எந்த நோயாளி, எந்த அளவுகோல் என்பதில்தான் சூட்சுமம்.

படிவங்களில் நீங்கள் பார்த்த நீண்ட பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆலோசனைக் கட்டணம், பேச்சுக் கட்டணம், ஆய்வு நிதி, பங்கு எல்லாம் ஒரே எடை இல்லை. ஆய்வு நிதி பெரும்பாலும் கல்லூரிக் கணக்குக்குப் போகும். ஊழியர் சம்பளம், பரிசோதனைச் செலவு என்று கரையும். பங்கும் பேச்சுக் கட்டணமும் நேராக டாக்டரின் பைக்கு வரும். எனக்குப் பேச்சுக் கட்டணம்தான் அதிக உறுத்தல். கம்பெனி ஏற்பாடு செய்யும் ஓட்டல் கூட்டங்களில் ஸ்லைடுகளையே கம்பெனி தயார் செய்து கொடுக்கும் வழக்கம் உண்டு. ‘என் பண உறவுகள்’ என்ற முதல் ஸ்லைடு வரும். யாரும் இரண்டாவது வரியைப் படிப்பதற்குள் போய்விடும். பின்வரிசையில் சிலர் பஃபே திறந்தாயிற்றா என்று வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பட்டியல் நீளமாக இருப்பதைவிட, இருக்க வேண்டிய பட்டியல் இல்லாமல் இருப்பதுதான் மோசம். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையின் தலைமை மருத்துவ அதிகாரி ஜோசே பசெல்கா, பெரிய பெரிய இதழ்களில் எழுதிய ஏராளமான கட்டுரைகளில் தன் கம்பெனி வருமானத்தைச் சொல்லவே இல்லை. 2018ல் நியூயார்க் டைம்ஸும் புரோபப்ளிகாவும் அதை வெளியிட்டன. சில நாட்களில் பதவி விலகினார். அடுத்த வருடமே ஆஸ்ட்ரஜெனகா அவரைப் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக எடுத்துக்கொண்டது!

அவரைப் பிடிக்க முடிந்ததற்குக் காரணம் அமெரிக்காவில் இருக்கும் ஒரு சட்டம். 2010ல் நிறைவேறியது. மருந்து, கருவிக் கம்பெனிகள் எந்த டாக்டருக்கு எவ்வளவு கொடுத்தாலும் அரசிடம் சொல்ல வேண்டும். 2014லிருந்து அது ஓப்பன் பேமெண்ட்ஸ் என்ற பொதுத் தளத்தில் இருக்கிறது. ஆய்வு நிதியும் சேர்த்து 2023ல் மட்டும் 1,200 கோடி டாலருக்கு மேல். டாக்டர் பெயரைத் தட்டினால் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுகூட வரும். அந்தச் சாப்பாட்டுக் கணக்கை வைத்தும் 2016ல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே ஒரு வேளை, 20 டாலருக்கும் குறைவான சாப்பாடு வாங்கிக்கொண்ட டாக்டர்கள்கூட அந்தக் கம்பெனியின் பிராண்டை மற்றவர்களைவிட அதிகம் எழுதியிருந்தார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது நம் ஊர்க் குணம் மட்டும் இல்லை போலிருக்கிறது.

நம் நாட்டில் அப்படிப் பெயர் தட்டிப் பார்க்கும் தளம் கிடையாது. விதிகள் இருக்கின்றன. கம்பெனிகளிடம் டாக்டர்கள் பரிசு, பயணம், விருந்து வாங்கக் கூடாது என்று மருத்துவக் கவுன்சில் 2009லேயே விதி போட்டது. ஆய்வுக்கு நிதி வாங்கினால் அதையும் ஆரம்பத்திலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அதே விதியில் இருக்கிறது. விதி டாக்டருக்கு, கொடுக்கிற கம்பெனிக்கு என்ன என்ற கேள்வி சென்னைக் கம்பெனி ஒன்றின் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜின்கோவிட் தயாரிக்கும் அபெக்ஸ் லேபரட்டரீஸ், டாக்டர்களுக்குக் கொடுத்த இலவசங்களைத் தொழில் செலவாகக் காட்டி வருமான வரிக் கழிவு கேட்டது. 2022 பிப்ரவரியில் நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. தங்கக் காசு, டிவி, ஃபிரிட்ஜ், வெளிநாட்டுப் பயணம் என்று இந்தத் தொழிலில் புழங்கும் இலவசங்களைத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். 2023ல் தேசிய மருத்துவ ஆணையம் இன்னும் கடுமையான விதிகளைக் கொண்டுவந்து, எதிர்ப்பு வந்ததும் அதே மாதத்தில் நிறுத்தி வைத்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசு கம்பெனிகளுக்கு ஒரு நடத்தை நெறி வெளியிட்டது. எல்லாம் சரி, ஒரு நோயாளி தன் டாக்டரின் பெயரைப் போட்டுப் பார்க்க இன்றைக்கும் வழி இல்லை.

இருப்பதில் உங்களுக்கு உதவக்கூடியது சிடிஆர்ஐ என்கிற இந்திய ஆய்வுப் பதிவேடு. 2009 ஜூனிலிருந்து இங்கே நடக்கும் மருந்து ஆய்வுகளை முன்கூட்டியே அதில் பதிய வேண்டும். யார் நடத்துகிறார், பணம் யாருடையது, எதை அளக்கப் போகிறார்கள் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். ஒரு ஆய்வு வெளிவந்தால் பதிவேட்டில் எழுதியதையும் கட்டுரையில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அளக்கிறேன் என்று சொன்னது ஒன்று, அளந்ததாகக் காட்டுவது வேறொன்று என்றால், படிவத்தில் ஒரு கம்பெனிப் பெயர்கூட இல்லாவிட்டாலும் நான் நம்ப மாட்டேன்.

டாக்டரிடம் கேட்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கேளுங்கள். ‘இந்த ஆய்வு கம்பெனிக் காசில் நடந்ததாமே’ என்று ஆரம்பித்தால் அவர் தன்னைச் சொல்வதாக எடுத்துக்கொள்வார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். அப்பாவை வைத்துக் கேளுங்கள். “அப்பாவுக்கு ஸ்டென்ட் இருப்பதால்தானே டாக்டர் இதை எழுதினீர்கள்? அவர் கிட்னி நிலைமைக்கு இது ஒத்துவருமா?” அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே இதய ரத்தக்குழாய் நோய் இருந்தவர்கள். அதனால் அதன் முடிவு உங்கள் அப்பாவுக்குப் பொருந்தும். இதயக் கோளாறு எதுவும் இல்லாத உங்கள் சித்தப்பாவுக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ அந்த எண்கள் அப்படியே பொருந்தாது.

அப்புறம், இந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. அதனால் பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சைத் தொற்று வரலாம். வயதானவர்கள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிடுவார்கள், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல், முழு நாள் விரதம், அறுவை சிகிச்சை – இந்த நேரங்களில் மாத்திரையை எப்போது நிறுத்தி வைக்க வேண்டும் என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோ அசிடோசிஸ் என்ற ஆபத்தான நிலை வர வாய்ப்புண்டு. குளுக்கோமீட்டரில் எண் நன்றாக இருக்கிறதே என்று அந்த நேரத்தில் சும்மா இருந்துவிடக் கூடாது.

கம்பெனிக் காசு உங்கள் வீட்டுப் பக்கம் வரக்கூடிய இடம் 2015 ஆய்வு இல்லை என்று நினைக்கிறேன். எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் இந்தியாவில் முடிந்துவிட்டது. அதுவரை ஒரு மாத்திரை 60 ரூபாய் பக்கம் விற்றது. இப்போது ஏகப்பட்ட கம்பெனிகள் அதே மருந்தைப் போடுகின்றன. பத்துப் பதினைந்து ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. எந்த மருந்து என்பதில் டாக்டரின் முடிவு சரியாக இருந்து, எந்தப் பிராண்டு என்பதில் மட்டும் மெடிக்கல் ரெப்பின் கை இருக்கலாம். சீட்டில் என்ன பெயர் எழுதியிருக்கிறது, ஒரு மாத்திரை என்ன விலை என்று பாருங்கள். விலை அதிகமாக இருந்தால், “இதே மருந்து குறைந்த விலையில் இருக்கிறதாமே டாக்டர், அதையே வாங்கிக்கொள்ளட்டுமா?” என்று அடுத்த தடவை கேளுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் சரி என்றுதான் சொல்வார்கள்.